ஏட்டு மைலேஜும் சாலை மைலேஜும்: பழைய டீசல் காரின் எரிபொருள் கணக்கு

ஒரு கார் ஒரு லிட்டர் எரிபொருளில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை நாம் பேச்சுவழக்கில் மைலேஜ் என்கிறோம். நாடு மைல் கணக்கை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியும் சொல் மட்டும் மாறவில்லை. இந்தியாவில் விற்கப்படும் காருக்கு இரண்டு மைலேஜ் உண்டு. ஒன்று சோதனைக்கூடத்தில் அளந்து சான்றளிக்கப்பட்டு, விற்பனைச் சிற்றேட்டில் அச்சாகும் எண். மற்றது சாலையில் நமக்குக் கிடைக்கும் எண். புதிய காரிலேயே இவ்விரண்டும் ஒத்துப்போவதில்லை. சில கைகள் மாறி வந்த பழைய டீசல் காரில் இடைவெளி இன்னும் கூடுதலாக இருக்கும். அந்த இடைவெளி ஏன் வருகிறது, எவ்வளவு வரை இயல்பு, எந்த அளவைத் தாண்டினால் வண்டியில் கோளாறு என்று கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விஷயத்தைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, வன்னியம்பட்டியிலிருந்து மதுரை மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை என் மனைவியை அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் சிற்றேட்டில் லிட்டருக்கு 23 கி.மீ. என்று இருந்தது. விற்றவரும் அதையே சொன்னார். போக வர 160 கி.மீ., மாதம் நான்கு முறை, உள்ளூர் ஓட்டம் 150 கி.மீ. என்று மொத்தம் 790 கி.மீ. கணக்கிட்டு, மாதம் 34 லிட்டர் டீசல் போதும் என்று ஓய்வூதியத்தில் பணம் ஒதுக்கினேன். முதல் மாதமே 50 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்கு 15.8 கி.மீ. லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் துண்டு விழுந்தது. மருந்துச் செலவும் உள்ள வீட்டில் அது சின்னத் தொகை அல்ல.

அதிகாரப்பூர்வ எண் எப்படி வருகிறது

இந்தியாவில் இந்த எண்ணை 'அராய் மைலேஜ்' என்று சொல்வது வழக்கம். புனேயில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே அராய். சான்றளிக்கும் அமைப்பு இது ஒன்று மட்டுமல்ல. ஹரியானாவின் மானேசரிலும், நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் இத்தகைய மையங்கள் உள்ளன. ஆனாலும் அராய் என்ற பெயரே மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

சோதனையின்போது கார் சாலையில் ஓடுவதில்லை. அதன் சக்கரங்களைப் பெரிய இரும்பு உருளைகளின் மேல் நிறுத்துவார்கள். சக்கரம் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சாலையில் வரும் காற்றுத் தடையையும் டயர் உருளும் தடையையும் அந்த உருளைகளே செயற்கையாகக் கொடுக்கும். எந்த விநாடியில் எந்த வேகம், எப்போது கியர் மாற்றுவது, எப்போது நிற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். இந்த அட்டவணைக்குப் பெயர் திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி. இது ஐரோப்பாவின் பழைய சுழற்சியைத் தழுவியது. அங்கே 120 கி.மீ. வரை போகும் உச்ச வேகத்தை நம் சாலைகளுக்காக 90 கி.மீ. ஆகக் குறைத்துக்கொண்டார்கள்.

மொத்தச் சோதனை 1,180 விநாடி. தூரம் ஏறத்தாழ 10.6 கி.மீ. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி ராஜபாளையத்தை நெருங்கும் தூரம், இருபது நிமிட நேரம். சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. சொச்சம். இந்த எண்களைப் பார்த்தால் நம் ஓட்டத்துக்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அந்த இருபது நிமிடம் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளும் பகுதி அதில் உண்டு. பின்னால் ஒரு தனியார் பேருந்து ஏர்ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்போது யாராலும் அவ்வளவு நிதானமாக வேகம் கூட்ட முடியாது. ஏசி அணைந்திருக்கும். அறை வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கும். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, வேகத்தடை இல்லை. பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் அரிசி மூட்டையும் இல்லை.

செலவான டீசலையும் அளவுக் குடுவையில் ஊற்றி அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவைச் சேகரித்து, அதிலுள்ள கரியமில வாயு முதலானவற்றின் கார்பனைக் கணக்கிட்டு, இவ்வளவு கார்பன் வர எவ்வளவு டீசல் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரியமில வாயு வரும். பத்தாம் வகுப்பு வேதியியலில் நாம் சமன் செய்த எரிதல் சமன்பாடு இங்கேதான் வேலைக்கு வருகிறது.

ஆக, இந்த எண் பொய் அல்ல. குறிப்பிட்ட நிபந்தனைகளில் உண்மையாகவே கிடைத்த எண். இரண்டு கார்களை ஒரே தராசில் வைத்துப் பார்க்க அது உதவும். கரியமில வாயு அளவுக்கு அரசு விதிக்கும் வரம்புகளுக்கும் அடிப்படை இதுவே. என் வண்டி என் சாலையில் எவ்வளவு தரும் என்ற கேள்விக்கு விடை சொல்ல அது உருவாக்கப்படவில்லை. அதை விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் போட்டு, நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் போடுவதில்தான் எனக்கு வருத்தம்.

எண் ஏறிய கதை

2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. அந்த 30 ரூபாய் வித்தியாசம்தான் நடுத்தர வீடுகளை டீசல் காரின் பக்கம் தள்ளியது. இன்று பழைய கார்ச் சந்தையில் நிற்கும் டீசல் வண்டிகளில் பல அந்தக் காலத்தில் பிறந்தவை. விற்பனையில் போட்டி மிகுந்ததும் சிற்றேட்டு எண்ணும் ஏறத் தொடங்கியது. மாருதி ஸ்விஃப்ட் டீசலின் எண் 2011-இல் 22.9 ஆக இருந்தது, 2014-இல் அதே 1,248 சிசி இயந்திரத்துடன் 25.2 ஆனது. 2013-இல் வந்த ஹோண்டா அமேஸ் டீசல் 25.8. 2015-இல் சியாஸ் டீசலின் ஹைபிரிட் வடிவம் 28.09.

வண்டியின் எடையைக் குறைப்பது, எளிதாக உருளும் டயர் போடுவது, இயந்திரத்தை நுட்பமாக அமைப்பது போன்ற உண்மையான முன்னேற்றங்களாலும் இத்தகைய எண்கள் உயரும். சோதனையின் தன்மையும் சேர்ந்து உயர்த்தும். மேலே சொன்ன சுழற்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரம் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. நின்றதும் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் தானே கிளம்பும் வசதி உள்ள இயந்திரத்துக்கு அந்த நேரமெல்லாம் லாபம். நிற்காமல் தென்காசிக்குப் போகும் ஒருவருக்கு அந்த வசதியால் ஒரு சொட்டும் மிச்சமாகாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். தூய போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம் பல நாட்டு ஓட்டுநர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. 2001-இல் சாலைச் செலவு சான்றளித்த செலவைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல். 2015-இல் அது 42 விழுக்காடு ஆகிவிட்டது. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செலவு 42 விழுக்காடு கூடினால் மைலேஜ் 42 விழுக்காடு குறையாது. 1-ஐ 1.42-ஆல் வகுத்தால் 0.70. அதாவது குறைவு 30 விழுக்காடு. ஐரோப்பா 2017 முதல் இன்னும் கடுமையான உலகப் பொதுச் சோதனை முறைக்கு மாறியது.

இந்தியாவில் டீசலின் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. சிறிய டீசல் கார் இன்று பெரும்பாலும் பழைய வண்டியாகவே கிடைக்கிறது.

சாலையில் எங்கே கரைகிறது

முதல் காரணம் வேகம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.-க்குப் போனால் வேகம் கால் பங்கு கூடுகிறது, தடையோ 1.56 மடங்காகிறது. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றை எதிர்த்துத் தென்காசி நோக்கிப் போகிறவர் இதை நேரில் உணரலாம். வண்டியின் வேகம் 80, எதிர்க்காற்று 30 என்றால் வண்டிக்கு அது 110 கி.மீ. காற்று. தடை 1.9 மடங்கு. மிதியை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை என்று அந்த மாதத்தில் பட்டறைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நின்று நின்று கிளம்புவது. 1,200 கிலோ எடையுள்ள வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.67 லட்சம் ஜூல். பிரேக் போட்டதும் அது முழுவதும் வெப்பமாகிப் போய்விடும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 360 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. அதில் 30 விழுக்காடு சக்கரத்துக்கு வருவதாகக் கொண்டால் 108 லட்சம். ஆகவே ஒருமுறை நின்று மீண்டும் 60-ஐத் தொடுவதற்கு 15 மில்லி டீசல் செலவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே வேகத்தடை, பேருந்து நிறுத்தம், குறுக்கே வரும் மாடு என்று பத்து முறை நின்றால் 150 மில்லி. அந்தத் தூரத்துக்கு மொத்தமாக ஆகும் டீசலே 600 மில்லிதான்! முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுகிறவருக்கு நல்ல மைலேஜ் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏசி, பயணிகளின் எடை, கூரை மேல் கட்டிய சுமை ஆகியவை தெரிந்தவையே. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பி, சூடாவதற்குள் அணைத்துவிடும் குறுகிய ஓட்டத்தைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை. கடைக்குப் போக இரண்டு கிலோமீட்டர், கோயிலுக்கு மூன்று கிலோமீட்டர் என்று ஓடும் டீசல் காரில் மைலேஜ் படுத்துவிடும். பாரத் ஸ்டேஜ் 6 டீசல் காருக்கு இது இரட்டைத் தொல்லை. அதன் புகைக்கரி வடிகட்டி நிரம்பியதும் வண்டி கூடுதல் டீசலை எரித்து அந்தக் கரியைப் பொசுக்கும். நீண்ட ஓட்டம் கிடைக்காவிட்டால் பொசுக்கும் வேலை பாதியில் நின்று திரும்பத் திரும்பத் தொடங்கும்.

வண்டியின் வயது

என் வண்டிக்கு வருகிறேன். சிற்றேட்டுக்கும் சாலைக்கும் இடைவெளி இருக்கும் என்று படித்து அறிந்த பிறகும் 15.8 என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எந்தக் கருவியையும் மாட்டவில்லை. "சார், ஒரு நாற்பது கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டிட்டு நேரா வாங்க" என்றார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டிப் பார்த்தார். முன் இடது சக்கரம் மட்டும் அனலாய்ச் சுட்டது. பிரேக் விட்ட பிறகும் காலிப்பர் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது அரைப்படி மண் கொட்டியது. டயரில் 33 இருக்க வேண்டிய காற்று 24 இருந்தது. மூன்றையும் சரிசெய்த பின் அடுத்த மாதம் 18.8 வந்தது. வண்டியை ஓட்டும் என் பழக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பழைய வண்டியில் இவற்றோடு பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இன்ஜெக்டர் தேய்ந்தால் டீசல் நன்றாகத் தூவாமல் சொட்டாக விழும், கரும்புகை வரும். டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் விரிசல் விட்டால் காற்றழுத்தம் கசியும், இழுவை குறையும், நாம் இன்னும் மிதிப்போம். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இயந்திரம் உரிய சூட்டுக்கு வராது. வெப்பமுள் எப்போதும் கீழேயே நின்றால் 'வண்டி நல்ல கூலாக ஓடுகிறது' என்று மகிழக் கூடாது. கிளட்ச் வழுக்கினால் இயந்திரத்தின் சுற்று ஏறும், வண்டி ஏறாது. இவை எதுவும் தலைமுறை மாறிய பெருங்கோளாறு அல்ல. சரிசெய்யக் கூடியவை.

ஆனால் ஓடோமீட்டரைத் திருத்தி விற்கும் தொழில் ஒன்று உண்டு. 60,000 கி.மீ. காட்டும் வண்டி உண்மையில் ஒன்றரை லட்சம் ஓடியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் தயாரானது. வண்டியோடு வந்த டயர் என்று விற்பவர் சொன்னால் இந்த எண்ணும் வண்டி தயாரான ஆண்டும் பொருந்த வேண்டும். சர்வீஸ் பதிவுகள், பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

சரியாக அளப்பது எப்படி

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை அப்படியே நம்ப வேண்டாம். என் வண்டியில் அது உண்மையைவிட ஏழு விழுக்காடு கூட்டிக் காட்டுகிறது. நம்பகமானது பழைய முறைதான். டேங்கை நிரப்பி, நாசில் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் மேலும் அழுத்தக் கூடாது. ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓட்டிவிட்டு, அதே பங்கில் அதே பம்பில் மறுபடி அதேபோல் நிரப்ப வேண்டும். உதாரணமாக முதலில் 84,310, அடுத்து 84,918, பிடித்த டீசல் 32.4 லிட்டர். 608-ஐ 32.4-ஆல் வகுத்தால் 18.8.

ஒருமுறை அளந்துவிட்டு முடிவுக்கு வருவது தவறு. நாசில் நிற்கும் இடத்தில் ஒரு லிட்டர் முன்பின் ஆகலாம். பத்து லிட்டர் போட்டு அளந்தால் அது 10 விழுக்காட்டுப் பிழை. 40 லிட்டருக்கு அதே ஒரு லிட்டர் 2.5 விழுக்காடுதான். ஓடோமீட்டரையும் நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். டயர் 8 மி.மீ. பட்டையிலிருந்து 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 2 விழுக்காடு குறையும். சக்கரம் கூடுதலாகச் சுற்றும், ஓடாத தூரத்தையும் மீட்டர் எண்ணிவிடும்.

கணக்கில் அதிகம் பேர் தடுமாறும் இடம் சராசரி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது லிட்டருக்கு 12, இறங்கும்போது 24 என்றால் சராசரி 18 அல்ல, 16. ஏற 50 கி.மீ. என்று வைத்தால் 4.17 லிட்டர், இறங்க 2.08 லிட்டர், மொத்தம் 100 கி.மீ.-க்கு 6.25 லிட்டர். மைலேஜ்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது, தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். வகுப்பில் இதை ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். ஆண்டுதோறும் பாதிப் பேர் 18 என்றே எழுதினார்கள்.

நோட்டுப் போட்டு எழுதியதில், பழுது நீக்கிய பின் ஓராண்டில் என் வண்டி 9,486 கி.மீ. ஓடி 498 லிட்டர் குடித்திருக்கிறது. லிட்டருக்கு 19.05. ஏட்டு எண்ணைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நம் பகுதி நெடுஞ்சாலையில் 70–80 கி.மீ. வேகத்தில் பெரும்பாலும் ஏசியோடு போகிறவருக்கு இது இயல்பானதே என்பது என் கருத்து. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பட்டறைக்குப் போக வேண்டும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பழைய டீசல் காருக்கு, அதே தரப் பெட்ரோல் காரைவிட ஒரு லட்சம் ரூபாய் கூடக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 92 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய். நம்மிடம் ஏற்கெனவே உள்ள பெட்ரோல் கார் சாலையில் லிட்டருக்கு 15.5 தருகிறது. கிலோமீட்டருக்கு 6.52 ரூபாய். விற்பவர் டீசலுக்கு 23 என்கிறார். அப்படியானால் 4 ரூபாய். மிச்சம் 2.52. ஆண்டுக்கு 9,500 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 24,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று மனம் கணக்குப் போடும்.

இந்தக் கணக்கில் பெட்ரோலின் சாலை எண்ணையும் டீசலின் ஏட்டு எண்ணையும் நாம் ஒப்பிட்டுவிட்டோம். டீசலுக்கும் சாலை எண்ணாக 19 என்று போட்டால் கிலோமீட்டருக்கு 4.84. மிச்சம் 1.68. ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000. ஒரு லட்சம் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். பத்து வயதான வண்டிக்கு ஆறு ஆண்டு நீண்ட காலம். நடுவில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை செலவு வைத்தால் அந்தக் காலம் இன்னும் தள்ளிப்போகும்.

நான் வாங்கியது இந்தக் கணக்கைப் போடாமல்தான். இப்போது வாரம் ஒருமுறை மதுரைப் பயணம் மாதம் ஒருமுறையாகக் குறைந்துவிட்டது, மருத்துவர் போதும் என்று சொல்லிவிட்டார். மாதம் 310 கி.மீ.தான் ஓடுகிறது. அந்த அளவுக்குப் பெட்ரோல் காரே போதுமானது. நோட்டில் எழுதுவதை மட்டும் விடவில்லை. கடைசியாக நிரப்பியபோது 19.2 வந்தது.